மோட்டார் ஓடும் நேரத்துக் கிட்டார்

மச்சினன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய கார்கோ பெட்டியைப் பிரித்தபோது, போர்வைகள், சோப்புகள், பால் பவுடர் டின்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பாக ஒரு பாரம் இருந்தது. தையல் மெஷின் என்று நினைத்து என் மனைவி கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டாள். போர்வையை முழுதாக விலக்கியதும் முன்பக்கம் வரிசையாகத் திருகுகள் தெரிந்தன. கிட்டார் ஆம்ப்ளிஃபயர். அவள் பால் பவுடரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அறந்தாங்கியில் இருக்கும் அவள் வீட்டில் கடைக்குட்டி அவன். கிடைத்த சம்பளத்தில் பாதிக்கு இசைக் கருவி வாங்குகிறவன். போன் போட்டேன்.

“ரூம் மாத்திட்டாங்க மச்சான். புது ரூம்ல கால நீட்டவே எடமில்ல. நீங்க வாசிங்க. ஆனா அது ரொம்பக் கோவக்காரப் பெட்டி. பாத்துப் பேசுங்க” என்றான்.

“ஒங்க அக்காவ விடவா மாப்ள?” என்று கேட்டேன். அடுப்படியில் பால் பவுடர் டின்னின் மூடி கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

அவன் வாசிப்பது மெட்டல். முடியை முகத்தில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிற வகை. அதற்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயர் அது. பழைய ரேடியோவில் இருந்த மாதிரி உள்ளே வால்வுகள் வைத்தது. கம்பியில் ஈ உட்கார்ந்தால்கூட இடி இடிக்கும். நானோ ஆவூர்ப் பக்கம் ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறவன். வாரநாட்களில் கீரனூரிலிருந்து பஸ் பிடித்துத் திருச்சியில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டு மூன்று, திருவிழா என்றால் நான்கு. எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆனாலும் அதை விட முடியாத ஒரு காரணம் இருந்தது.

என் மனைவி எங்கள் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஊர்க் கோயிலில், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கோயிலில். பெரிய குரல் அவளுக்கு. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும். போன வருஷம் கழுத்தில் தைராய்டுக்கு ஆபரேஷன் ஆனது. குரல் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். வந்தது, ஆனால் முழுதும் வரவில்லை. பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. பாடினால் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், குழுவில் நிற்பதை விட்டுவிட்டுப் பெண்கள் வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தாள். வற்புறுத்தியவர்களிடம் சிரித்தாள். பாடவில்லை.

இந்த வருஷத் திருவிழா நெருங்கும்போது அவளாகவே சொன்னாள். “சாயந்திர நிகழ்ச்சியில ஒரு பாட்டு பாடிப் பாக்குறேன். நல்லா வரலேன்னா அதோட விட்டுர்றேன். அதுக்கப்புறம் பாடு பாடுன்னு யாரும் கேக்கக் கூடாது. நீங்களும் கேக்கக் கூடாது.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஒரு பாட்டு. அதில் அவள் தேறினால் தேறினாள். இல்லையென்றால் எங்கள் வீட்டில் பாட்டு அதோடு முடிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய பாட்டு ஒன்று உண்டு. வரிகள் அவளுடையவை, மெட்டு என்னுடையது. அதைத்தான் பாடுவது என்று முடிவானது. நான் பழைய மரக் கிட்டாரைத் துடைத்து எடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அது வேணாங்க. அந்தச் சத்தத்தக் கேட்டதுமே எல்லாருக்கும் நான் பழைய மாதிரி பாடப்போறேன்னு ஒரு நெனப்பு வந்துரும். வேற ஏதாவது வாசிங்க.”

போன முறை விடுப்பில் வந்தபோது மச்சினன் ஓர் எலக்ட்ரிக் கிட்டாரை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். இப்போது ஆம்ப்ளிஃபயரும் வந்துவிட்டது. ஆக, இடி இடிக்கிற பெட்டியிலிருந்து இளகிய சத்தம் ஒன்றை எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

என்ன சத்தம் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. லேசான ராக். கம்பியை மெதுவாகத் தொட்டால் தெளிவாக இருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் மட்டும் ஒரு கரகரப்பு வர வேண்டும். கத்தவும் கூடாது, பூசைப் பாட்டு மாதிரி சாதுவாகவும் இருக்கக் கூடாது. மனதில் கேட்டது. கையில் வரவில்லை.

முதல் சனிக்கிழமை எல்லாத் திருகையும் நடுவில் வைத்து ஒரே ஒரு கார்டு அடித்தேன். பீரோ கைப்பிடி நடுங்கியது. தட்டு அலமாரியிலிருந்து ஒரு டம்ளர் உருண்டு வந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “தம்பி, சிலிண்டர் எதுவும் வெடிச்சிருச்சா?” என்று உண்மையான அக்கறையுடன் கேட்டார்.

அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். எங்கள் பக்கம் வயலுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான் வரும். மோட்டார் கரண்ட் என்போம். அது வந்ததும் தெருவே காலியாகிவிடும். ஆளாளுக்கு மோட்டாரைப் போட்டு, வரப்பில் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் வாசிப்பது, மற்ற நேரத்தில் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தொந்தரவில்லை. இவ்வளவு இங்கிதமாக ராக் வாசித்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனி, ஞாயிறுகளில் மோட்டார் நேரம் முழுக்க நானும் பெட்டியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். முதலில் கெயின் என்ற திருகு. அது சத்தத்தைக் கூட்டுவதற்கு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சத்தத்தை எவ்வளவு கசக்கிப் பிழியலாம் என்பதற்கு அது. அதை முழுக்க இறக்கிவிட்டு, தூக்கத்தில் லேசாகப் புரண்டு படுக்கிற அளவுக்கு மட்டும் ஏற்றினேன். சத்தம் வேண்டுமென்றால் மாஸ்டர் திருகில் ஏற்றிக்கொள்ளலாம். அது கசக்காது. அடுத்தது பேஸ், அடித்தொண்டைச் சத்தத்துக்கான திருகு. அதை இறக்கியதும் பீரோ அடங்கியது. மெட்டல்காரர்கள் நடுத்தர ஒலியைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். இந்தப் பெட்டியைச் செய்தவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். நான் அதைத் தோண்டி எடுத்தேன். எனக்கு வேண்டியதில் பாதி அங்கேதான் கிடந்தது.

இருந்தும் ஏதோ இடித்தது. போனில் வீடியோ பார்த்தேன். கறுப்புச் சட்டை போட்டவர்கள் எல்லாத் திருகையும் ஏற்றச் சொன்னார்கள். எரிச்சலில் போனை மூடினேன். பிறகு நானாகவே கண்டுபிடித்தேன், கிட்டாரிலேயே ஒரு வால்யூம் திருகு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் பெட்டியின் கோபம் பாதி தணிகிறது. இவ்வளவு நாள் அது முழுக்கத் திறந்தே கிடந்தது. கம்பியை மீட்டுகிற தடித்த பிக்கைத் தூரப் போட்டுவிட்டு மெலிசாக ஒன்றை எடுத்தேன். அடிப்பதை விட்டுவிட்டு வருட ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் அது வந்துவிட்டது. மேலே மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கம்பியைத் தொட்டேன், தெளிவு. அழுத்தினேன், ஓரத்தில் கரகரப்பு. விரலை எடுத்ததும் பணிவாக அடங்கியது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள். நான் பாட்டை முதலிலிருந்து வாசித்தேன். அவள் உதடு மட்டும் அசைந்தது.

“இது சரியா இருக்கு” என்றாள்.

“சத்தமா பாடேன்.”

“அன்னிக்குப் பாடுறேன். இப்பவே தொண்டையச் செலவழிக்க வேணாம்.”

அவள் நெயில் பாலிஷை வாங்கி ஒவ்வொரு திருகின் நிலைக்கு நேராகவும் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். இனி எங்கே தூக்கிப் போனாலும் புள்ளிக்கு நேராகத் திருப்பினால் போதும். அவள் பாடும் இடங்களுக்குக் கிட்டாரில் எவ்வளவு வழி விட வேண்டும் என்பதையும் மனதில் கணக்குப் போட்டு வைத்துவிட்டேன்.

திருவிழா அன்று சாயந்திரம், பூசைக்கு முன்பே பெட்டியை மேடைக்கு ஏற்றினோம். கோயிலுக்குப் பின்னால் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் ஏணி போட்டு ஒருவர் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி மைக் முன்னால் வந்து நின்றாள். அவள் சேலை மடிப்பைச் சரிசெய்த விதத்திலேயே பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் சிவப்புப் புள்ளிகளுக்கு நேராகத் திருகுகளை வைத்து, மெலிசான பிக்கை எடுத்து, வருடினேன்.

பெட்டி உறுமியது. கோபுரத்திலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ஏணிமேல் நின்றவர் வேப்பங்கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

புள்ளிகளைப் பார்த்தேன். எல்லாம் நேராகவே இருந்தன. மறுபடி வருடினேன். மறுபடி அதே உறுமல், காதைக் கீறுகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என் பெட்டியில யாரு கை வச்சது?” என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டேன்.

“நாங்க அங்கிட்டு வரவே இல்லண்ணே. நீங்கதான் கொண்டாந்தீங்க, நீங்கதான் மாட்டுனீங்க” என்றார் அவர்.

அது உண்மை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. திருகுகளை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினேன். கெயினை இறக்கினால் செத்துப்போனது, மாஸ்டரை ஏற்றினால் கீறியது. மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடையை விட்டு இறங்கி, காலி நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு யாரையும் திட்டவும் வழியில்லை. கெடுத்தது நானேதான்.

அவள் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தாள். பந்தலில் கட்டியிருந்த மின்விசிறி பிய்த்துக்கொண்டு பறக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து மேடைக்கு வந்தாள்.

“ஏங்க, வீட்ல நீங்க எப்பல்லாம் வாசிச்சீங்க?”

“மோட்டார் கரண்ட் வரப்ப. ஏன்?”

“அப்ப வீட்ல ஃபேன் எப்படி ஓடும்?”

அவள் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வயலில் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் அங்கே தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் டக்கு டக்கென்று அடித்துக்கொள்ளும். வோல்டேஜ் அப்படி இறங்கிவிடும். மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று மோட்டார் நேரம் முழுக்க அதன் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியது அவள் வேலை.

“அந்த நேரத்துல ஒங்க பெட்டிக்கும் அரைவயித்துச் சாப்பாடுதான். அதான் அடங்கி ஒடுங்கிக் கெடந்துச்சு. இங்க ஜெனரேட்டர். வயிறு நெறையச் சாப்புட்டுக் கத்துது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரக்கணக்காக உட்கார்ந்து நான் அடக்கிய பெட்டியை உண்மையில் அடக்கியது ஊர் முழுக்க ஓடிய மோட்டார்கள். தெருவுக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட அதே நேரத்தில், தெரு எனக்காக வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறது. அவளும் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

“சரி, புள்ளிய மறந்துருங்க. புதுசா வைங்க. நான் இங்க நின்னு சொல்றேன்.”

கெயினை இறக்கினேன். “இன்னும்” என்றாள். கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளைக் குறைத்தேன். “இன்னும்.” ஓர் இடத்தில் சத்தம் கிட்டத்தட்ட வீட்டில் கேட்ட மாதிரியே வந்துவிட்டது. தொட்டால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு. கையை எடுத்துவிட்டேன்.

“இன்னும் கொறைங்க” என்றாள்.

“இதுக்கு மேல கொறச்சா இதுல ஒண்ணுமே இருக்காதும்மா.”

“எனக்கு எடம் பத்தல.”

“ஒன் குரலுக்கு இது தாராளம்.”

“எந்தக் குரலுக்கு?”

கோபமாகக் கேட்கவில்லை.

“ஒங்க காதுல இருக்கறது போன வருஷத்துக் குரலுங்க. வீட்ல வாசிக்கிறப்ப அதத்தான் நெனச்சு வாசிச்சீங்க. எனக்குத் தெரியும். நானும் பாடிக் காட்டல. இப்ப இருக்கறத ஒரு தடவ கேட்டுட்டு அப்புறமாத் திருப்புங்க.”

பெட்டியின் பக்கத்தில் குனிந்து, மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முதல் அடியைப் பாடினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குரல் கீழே இறங்கியிருந்தது. அகலம் குறைந்திருந்தது. மெதுவாகப் பாடிய இடங்களில் தெளிவாக இருந்தது. கொஞ்சம் அழுத்திய இடத்தில் ஓரத்தில் மட்டும் கரகரத்தது. அதைக் கேட்டு அவள் முகம் சுருங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை சனி ஞாயிறுகளாக அந்தப் பெட்டிக்குள் நான் தேடிக்கொண்டிருந்தது என் வீட்டிலேயே, சமையல் செய்துகொண்டும் துணி மடித்துக்கொண்டும், வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.

அந்தக் கரகரப்பு அவளுக்குத்தான் சேர வேண்டும். ஒரே பாட்டில் இரண்டு பேருக்கு அது வேண்டியதில்லை. கெயினைக் கிட்டத்தட்ட முழுக்க இறக்கினேன். கிட்டாரின் வால்யூமைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தேன். சத்தம் எளிமையாக, கொஞ்சம் வெளிறியே போனது. மச்சினன் கேட்டிருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பான். அவள் மறுபடி பாடினாள். இந்த முறை “இன்னும்” என்று சொல்லவில்லை.

பூசை முடிந்து, சப்பரம் கோயிலைச் சுற்றி வந்து நின்றதும் நிகழ்ச்சி ஆரம்பமானது. சின்னப் பிள்ளைகளின் நடனத்துக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் பங்குச்சாமி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே இருந்தது. அவள் ஒரு வருஷமாகப் பாடவில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வருட ஆரம்பித்தேன். அவள் உள்ளே வந்தாள்.

முதல் அடியில் கூட்டத்தில் லேசாக ஒரு சலசலப்பு. இது அந்தக் குரல் இல்லையே என்கிற சலசலப்பு. அவளுக்கும் கேட்டிருக்கும். விடாமல் போனாள். இரண்டாவது சரணத்தில் மெட்டு உயரப் போகும் இடம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அங்கே அவள் ஏறி நிற்கும்போது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடம் நெருங்கியது. எட்டாமல் போனால் மறைத்துவிடலாம் என்று, நினைக்காமலே என் சுண்டுவிரல் வால்யூம் திருகுக்குப் போய்விட்டது, ஏற்றுவதற்கு. அவள் திரும்பிப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம்.

நான் ஏற்றவில்லை. முழுக்க இறக்கினேன். கிட்டார் இல்லாமல் போனது. அவள் மேலே ஏறவும் இல்லை. அந்த அடியைக் கீழேயே, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். அழுத்தமான இடத்தில் கரகரத்தது. அதை மறைக்காமல் அப்படியே விட்டாள். பின்னால் ஜெனரேட்டர் ஓடுவது மட்டும் கேட்டது. வால்யூமைப் பழைய இடத்துக்கு ஏற்றியபோது எனக்குக் கண் கலங்கி, அடுத்த கார்டுக்கு விரல் வைக்க வேண்டிய இடம் தெரியவில்லை. தடவித்தான் வைத்தேன்.

பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். ஆனால் நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு பாட்டு என்று அவள் சொல்லியிருந்தாளே, அது முடிந்துவிட்டது. தேறியதா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும். கேட்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்ததால் நான் கேட்கவில்லை. கிட்டாரின் வயரைக் கழற்றக் குனிந்தேன். அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் மேடையின் ஓரத்தில் வந்து நின்றார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏன் வயரக் கழட்டுறீங்க? இன்னொண்ணு வாசிங்க.”

“எத வாசிக்க? வேற எதுவும் நாம பாத்து வைக்கலையே.”

“ஏதாவது வாசிங்க. நான் வந்து சேர்ந்துக்கிறேன்.”